அண்ணன் அனுப்பும் காசில் இவருடைய கடனை அடைக்கலாமா?

வலிகாமத்திலிருந்து ஓர் ஆசிரியை எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாமல் இருக்க, வயது, தொகை போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகிப் பதினொரு வருடம், ஒன்பது வயதில் ஒரு மகன். கணவர் ஒரு நிதி நிறுவனத்துக்காகக் கடை கடையாகப் போய்த் தவணைக் காசு சேர்ப்பவர். குடி இல்லை, சிகரெட் இல்லை, ஊரில் நல்ல பெயர். மூன்று வருடத்துக்கு முன் ஐபிஎல் நேரத்தில் சிநேகிதர்களோடு சேர்ந்து போனில் பந்தயம் கட்டத் தொடங்கியவர், இப்போது கிரிக்கெட் இல்லாத நாளிலும் பெயர் தெரியாத நாட்டுக் கால்பந்துக்கும் நடுச்சாமத்தில் போனில் சுழலும் சக்கரத்துக்கும் காசு போடுகிறார். மனைவிக்கு இது தெரியவந்த விதம் கடிதத்தில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்து காப்பைக் கழற்றினால் மணிக்கட்டில் கறுப்பாக ஒரு வளையம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அலுமாரியில் இருந்த தங்கக் காப்புகள் அடைவுக்குப் போய், அதே வேலைப்பாட்டில் கவரிங் காப்புகள் அதே பெட்டிக்குள் வந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளியில் வந்தது: வங்கிக் கடன், எடுத்த சீட்டுக்குக் கட்டாமல் விட்டது, மீற்றர் வட்டிக்கு, அதாவது நாளுக்கு நாள் ஏறும் கடும் வட்டிக்கு, வாங்கியது, ஒரு தடவை அலுவலகத்துக்குக் கட்டவேண்டிய வசூலை எடுத்து இரண்டு நாள் கழித்து வைத்தது. மகனின் உண்டியலும் தப்பவில்லை. கணவர் சொன்ன கணக்கு 23 லட்சம்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் முழுக் கடனையும் தான் அடைப்பதாகச் சொல்கிறார், நல்லூரானுக்கு முன் சத்தியம் செய்தால் போதுமாம். அவர் சொல்லித்தான் இரண்டு பேரும் ஒரு படமும் பார்த்திருக்கிறார்கள், 2003இல் வந்த 'ஓனிங் மஹோனி'. அதே ரொறன்ரோவில் ஒரு வங்கி உதவி முகாமையாளர் பொய்க் கடன்கள் எழுதி, பதினெட்டு மாதத்தில் ஒரு கோடி டொலருக்கு மேல் எடுத்துச் சூதாடி, 1982இல் பிடிபட்ட உண்மைக் கதை, பிலிப் சீமோர் ஹொஃப்மன் நடித்தது. படம் ஓடும்போது கணவர் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாராம். அது அதிரும் ஒவ்வொரு தடவையும் கை அதற்கு மேல் போயிருக்கிறது. முடிந்ததும் அவர் சொன்னது, "நான் என்ன அவனை மாதிரி பாங்கையா கொள்ளை அடிச்சனான்?"

இந்த ஆசிரியை கேட்பவை: அண்ணனின் காசை வாங்கலாமா? வட்டிக்குக் கொடுத்தவர் சீதன வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்கிறார், எழுதாவிட்டால் வீட்டைப் பிடித்துவிடுவாரா? படத்தில் மஹோனியின் காதலி பெலிண்டா கடைசி வரை கூட இருந்ததைப்போலத் தானும் இருக்கத்தான் வேண்டுமா? மகனுக்கு என்ன சொல்வது?

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆறாம் பக்கத்தில், "நான் இல்லாட்டி உங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி" என்று உங்கள் கணவர் இரண்டு தடவை சொன்னதாகவும் அது சும்மா வெருட்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெருட்டு என்று எடுக்காதீர்கள். சூதாட்டக் கடனில் மாட்டியவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம், அதுவும் எல்லாம் வெளியில் வந்து மானம் போய்விட்டது என்று தோன்றும் இந்த நாட்களில்தான் கூட. இன்றைக்கே தனியே இருத்தி, "சாகவேணும் என்று யோசிக்கிறீங்களா?" என்று நேரே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி வராது. அநேகமாக ஆள் அழுவார், அழட்டும். ஓம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ தனியே விடாதீர்கள், அன்றே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இப்போதே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது, நீங்களும் அழைக்கலாம்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

"குடியே இல்லாத மனிசனுக்கு எப்படிப் போதை?" என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில் சூதாட்ட நோயைக் குடி, கஞ்சா, ஹெரோயின் இருக்கும் அதே அத்தியாயத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அதை நோயாகத்தான் பதிந்திருக்கிறது. வாயில் மணம் வராது, நடை தள்ளாடாது, அதனால்தான் உங்களுக்கு மூன்று வருடம் தெரியாமல் போனது. நீங்கள் கவனிக்கவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

நோய் என்று சொல்ல ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு இருந்தால் போதும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். முன்பு ஆயிரம் போட்டவர் இப்போது இருபதாயிரம் போடுகிறார். போனை வாங்கி வைத்தால் எரிந்து விழுகிறார். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பவும் போடுகிறார். பொய் சொல்கிறார். வேலையையே ஆபத்தில் மாட்டிவிட்டார். கடன் முட்டியதும் மற்றவர்களிடம் கேட்டு அடைக்கிறார். ஆறு வந்துவிட்டது. நேரில் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்லவேண்டும், ஆனால் பார்க்காமல் இருக்க இனி ஒரு காரணமும் இல்லை.

கடைசியாக எண்ணிய அறிகுறியைத் திரும்ப வாசியுங்கள். மற்றவர்கள் கடனை அடைத்து மீட்பதும் அந்த ஒன்பதில் ஒன்று. அதாவது உங்கள் அண்ணன் பாசத்தோடு மருந்து என்று நினைத்து அனுப்பப் போவது, நோயின் பட்டியலிலேயே இருக்கிறது.

அண்ணனின் காசு

"கடன்தான் இவரை விளையாட வைக்கிறது, கடன் தீர்ந்தால் மனம் ஆறிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இவர் சொல்லித்தான் அந்த எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும், இவரும் உண்மையாகவே நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் பார்த்த படத்தையே யோசியுங்கள். மஹோனி சூதாட்ட விடுதியில் வெல்லும் இரவு ஒன்று வருகிறதே, மலைபோலக் காசு, எழும்பிப் போயிருக்கலாம். எழும்பவில்லை, எல்லாம் போகும்வரை இருந்தார். பந்தயத் தரகரிடம் பேஸ்போலுக்குக் கட்டும் காட்சியும் ஞாபகம் இருக்கும். ஒரு லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் எல்லா அணிக்கும் போடு, மற்ற லீக்கில் வெளியிலிருந்து வரும் எல்லா அணிக்கும் போடு என்கிறார். எந்த அணி என்பதே அவருக்குத் தேவையில்லை, பந்தயம் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கணவர் பெயர் தெரியாத நாட்டுக் கால்பந்துக்குப் போடுவதும் அதேதான்.

வெல்வது எப்போதோ ஒரு தடவை, எப்போது என்று தெரியாமல் வருகிறது பாருங்கள், மூளையை இறுக்கிப் பிடிப்பது அந்தத் தெரியாமைதான். ஒவ்வொரு முறையும் தோற்றால் யாரும் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள். கடைசி ஓவரில் இரண்டு ரன்னால் தோற்றதை மூளை தோல்வியாக எடுப்பதில்லை, கிட்டத்தட்ட வென்றதாக எடுத்துக்கொள்கிறது. இந்த நிலையில் இருப்பவரின் தலையிலிருந்து 23 லட்சத்தை ஒரே நாளில் இறக்கிவிட்டால், வட்டிக்காரரின் பயம் போகிறது, வங்கியில் பெயர் சுத்தமாகிறது, திரும்பக் கடன் எடுக்க வழியும் திறக்கிறது. என்னிடம் வந்த குடும்பங்களில் மூன்று தரம், நான்கு தரம் அடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு அம்மா தோட்டக் காணியை விற்று அடைத்தார், எட்டு மாதத்தில் பழைய தொகையைவிடக் கூட நின்றது. அவர் என் மேசையில் கையை வைத்து, "அப்ப நான்தான் அவனைக் கெடுத்தனானா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. இல்லை, அவர் கெடுக்கவில்லை. யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அப்படியென்றால் அண்ணன் ஒன்றுமே செய்யக்கூடாதா? செய்யலாம். முதலில் முழுக் கணக்கு வேண்டும். முதல் தடவை சொல்லும் தொகை முழுத் தொகையாக இருப்பதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். ஒரு சிஆர் கொப்பியை எடுத்து யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் திகதி என்று இவரையே தன் கையால் எழுதச் சொல்லுங்கள். இவர் தன்னுடைய கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்துத் தரட்டும், வங்கி, லீசிங் கடன்கள் அதில் தெரியும். தனியாரிடம் வாங்கியது அதில் வராது, அதற்குக் கொப்பிதான். இரண்டும் கையில் வந்த பிறகு, மீற்றர் வட்டிக் கடன் ஒன்றை மட்டும் அண்ணன் தீர்க்கலாம் என்பது என் எண்ணம், அது நாளுக்கு நாள் தின்னும் கடன், வீட்டு வாசலுக்கு ஆள் வரும் கடன். அதையும் இவர் கையில் கொடுக்காமல் நீங்களும் ஒரு பெரியவரும் நேரே போய்க் கட்டி, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வட்டி அநியாயம் என்று கண்டால் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை 1918ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே கேட்ட தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்க முதல் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மற்றக் கடன்களை இவர் தன் சம்பளத்தில், மாதம் மாதம், வருடக்கணக்கில் கட்டவேண்டும். அது தண்டனைக்காகச் சொல்வதல்ல, அந்த மாதாந்தக் கட்டுப்பணம் இவரை நிலத்தில் நிற்க வைக்கும். அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை என்றால் மகனின் படிப்புக்கு உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போடட்டும்.

சத்தியத்தைப் பற்றி ஒரு சொல். சாமிக்கு முன் செய்யும் சத்தியத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் சத்தியம் உடைந்த அன்று இவருக்குச் சூதாடிய குற்றத்தோடு தெய்வக் குற்றமும் சேரும், சொன்னால் நீங்கள் இன்னும் உடைந்துபோவீர்கள் என்று மறைப்பார், மறைக்கப் பொய் வேண்டும், பொய்யைத் தாங்கத் திரும்பவும் போனுக்குப் போவார். கோயிலுக்குப் போங்கள், கும்பிடுங்கள். சத்தியம் வாங்காதீர்கள்.

வீட்டு உறுதியில் கை வைக்க முன்

நான் உளவளத்துணையாளர், சட்டம் என் துறை அல்ல. இந்தப் பகுதியை நீண்டகாலம் காணி வழக்குப் பேசும் ஒரு சிநேகிதியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வீடு உங்கள் அம்மா அப்பா உங்களுக்குச் சீதனமாக எழுதித் தந்தது, இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார், ஆகவே யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைதான் உங்களுக்குப் பொருந்தும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி சீதனம் உங்களுடைய தனிச் சொத்து. கணவரின் கடனுக்கு அது பொறுப்பல்ல. அந்தச் சொத்தின் பராமரிப்பு, திருத்தம், பயிர்ச்செய்கை போன்றவற்றுக்காகப் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது, பந்தயக் கடன் அதற்குள் வராது. "புருசன் கடன் பெண்சாதி கடன்தானே" என்று அந்த ஆள் வாசலில் நின்று சொன்னது சட்டமல்ல. திருமணத்துக்குப் பிறகு இவர் உழைத்து வாங்கியது தேடிய தேட்டம், அதன் கதை வேறு, அதைச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் நீங்களே கையெழுத்து வைத்தால் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். பிணையாளியாகவும் வைக்காதீர்கள். வட்டிக்காரர் கேட்பது ஈடு (அடமானம்) கூட இல்லை, அறுதி, அதாவது விற்றதாகவே எழுதிக் கொடுப்பது. "இப்ப அறுதியா எழுதித் தாங்கோ, காசு வந்த உடன திருப்பி எழுதித் தாறன்" என்பது எங்கள் ஊரில் பழைய வழக்கம், அதனால் வீட்டை இழந்தவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1840இலிருந்து இந்த நாட்டின் சட்டம். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அது நம்பிக்கைப் பொறுப்பில் கொடுத்த சொத்து என்று வாதாடி மீட்டவர்களும் உண்டு, ஆனால் நீதிமன்றப் படியேறி வருடங்கள் போன பிறகு.

இன்னொன்று, சீதன வீட்டை நீங்கள் விற்பதானாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இவர் சும்மா ஒரு பத்திரம் என்று எதையாவது நீட்டினால் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். உறுதியின் மூலப் பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்து இன்றைக்கே அம்மா வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள், காப்புக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. கை நீட்டினாலோ, பயப்படுத்திக் கையெழுத்துக் கேட்டாலோ 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இதுவரை அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், தெரிந்து வைத்திருங்கள்.

அலுவலகக் காசு

"இரண்டு நாளில் வைத்துவிட்டார், அதனால் பிரச்சினை இல்லை" என்கிறீர்கள். பிரச்சினை இருக்கிறது. பொறுப்பில் இருந்த காசைத் தன் தேவைக்கு எடுத்ததோடு குற்றம் முழுமையாகிவிட்டது, திருப்பி வைத்ததால் அது இல்லாமல் போகாது. "நான் பாங்கைக் கொள்ளை அடிக்கவில்லை" என்று சொன்னாரே, மஹோனியும் திருப்பி வைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் எடுத்துக்கொண்டே போனார், தொகைதான் வேறு. இவர் தனக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பார்க்கவேண்டும், நிறுவனத்தில் என்ன சொல்வது என்பதை அவரிடம் கேட்ட பிறகுதான் வாய் திறக்கவேண்டும். காசு கையில் புழங்காத வேலைக்கு மாற்றம் கேட்கட்டும். அடுத்த தடவை வசூல் குறைந்தால் நீங்கள் நிரப்பாதீர்கள்.

சிகிச்சையும் வீட்டு ஏற்பாடும்

போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கதைப்பார்கள்" என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கதைக்கட்டும், தங்கச்சி. வட்டிக்காரர் வாசலுக்கு வந்து கத்தினாலும் ஊர் கதைக்கத்தான் போகிறது.

அங்கே நடப்பது பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சை. எந்த நேரத்தில் கை போனுக்குப் போகிறது, அந்த நிமிடம் மனதில் என்ன ஓடுகிறது என்று இவரே குறித்து வருவார்: சம்பள நாள், வசூல் முடிந்து தனியே மோட்டார் சைக்கிளில் வரும் மதியம், மகன் படுத்த பிறகு. உந்துதல் அலைபோல எழும்பி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும், இறங்கும்வரை வேறொன்றில் கையை வைத்திருக்கப் பழகுவதுதான் வேலை. மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. குடிநோய்க்குக் கொடுக்கும் நல்ட்ரெக்சோன் சிலருக்குச் சூதாட்ட உந்துதலையும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள், கொடுப்பதா என்பது மருத்துவரின் முடிவு.

வீட்டில், சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும். எரிபொருளுக்கும் தேநீருக்கும் தினக்காசு, பற்றுச்சீட்டோடு. வங்கிச் செயலிகள் இவர் போனில் வேண்டாம், சாதாரண போன் ஒன்று கொஞ்ச நாளுக்குப் போதும். இதை ஒளித்துச் செய்யாதீர்கள், மருத்துவருக்கு முன் வைத்து இவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள், ஒளித்தால் நீங்கள் பொலிஸ், இவர் கள்ளன் என்ற விளையாட்டாகிவிடும். இடையில் ஒரு தடவை வழுக்குவார், அநேகமாக. வழுக்கிய அன்றே சொல்வதற்கு இவருக்கு ஒரு ஆள் வேண்டும், அது நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது.

கூட இருக்கத்தான் வேண்டுமா?

படத்தில் பெலிண்டா கடைசி வரை கூட இருக்கிறாள். லாஸ் வேகஸுக்குக் கூட்டிப் போய் அறையில் தனியே விட்டுவிட்டு அவர் மேசைக்குப் போகிறார், அப்போதும் இருக்கிறாள். அவளுடைய அன்பு அவரை ஒரு நாள் கூட நிறுத்தவில்லை, பிடிபட்டுத்தான் நின்றார். அந்தப் படத்தில் எனக்கு இருக்கும் குறையும் இதுதான். அவள் என்ன சாப்பிட்டாள், வாடகை யார் கட்டினார், இரவில் நித்திரை வந்ததா, ஒன்றும் காட்டவில்லை. நீங்கள் அவளைப் பார்த்து உங்கள் கடமையை முடிவு செய்யாதீர்கள். கூட இருந்துகொண்டே காசு கொடுக்க மறுக்கலாம். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துகொண்டு சிகிச்சைக்குத் துணை போகலாம். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்றால் பிரிந்து போகலாம், வசதி இருந்தும் கவனிக்காமல் விடுபவரிடம் மகனுக்கும் உங்களுக்கும் தாபரிப்புக் கேட்க 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால், மூன்று மாதம் ஒழுங்காகச் சிகிச்சைக்கு வருகிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றால் அதற்கு முன்னும் எடுக்கலாம், அது உங்கள் உரிமை.

படத்தின் கடைசியில் உளவியலாளர் கேட்கும் கேள்வியும் ஞாபகம் இருக்கும். சூதாட்டம் தரும் கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எத்தனை என்றால் 100 என்கிறார், அதற்கு வெளியே வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய கிளர்ச்சிக்கு 20. அந்த இருபதோடு வாழ்ந்துவிடலாம் என்றும் சொல்கிறார். உங்கள் கணவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள், சண்டை பிடிக்காத ஒரு பின்னேரத்தில். இவர் சொல்லும் எண்ணை முதல் நாள் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லட்டும், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

மகனுக்கு ஒளிக்காதீர்கள், அவன் உண்டியலைத் திறந்து பார்த்துவிட்டான். ஒன்பது வயதுக்கு இவ்வளவு போதும்: "அப்பாவுக்கு ஒரு வருத்தம். காசு வைத்து விளையாடுவதை அவரால் நிற்பாட்ட முடியவில்லை. டொக்டரிடம் காட்டப் போகிறோம். நீ செய்த பிழை ஒன்றும் இல்லை." உண்டியலில் எவ்வளவு இருந்தது என்று அவனிடமே கேட்டு, சிஆர் கொப்பியில் அவன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கட்டும்போது முதலாவதாக அவனுடையதைக் கட்டட்டும், அப்பாவே, தன் சம்பளத்தில், அவன் கையில்.